நடுவில் உள்ள படம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் கதை தானாகவே மடியில் வந்து விழும் என்று நான் பலரிடம் பெருமையடித்துக் கொண்டிருக்கிறேன். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தோளில் தோள் சாய்ந்து தூங்கும் பெண்கள், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாய்ச் சண்டை போடும் ஆரம்பாக்கத்துக் கிழவிகள், மீஞ்சூரில் ஏறும் கூடைகள், எல்லாம் உண்டு. ஆனால் சென்ற வருஷம் சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்தது கதை அல்ல, ஒரு கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் தவறு. அந்தத் தவறு உறுத்திக் கொண்டே இருந்ததால்தான் பழைய வைத்திய சரித்திரங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

கேட்டவள் பொன்னேரியில் எங்கள் தெருவில் வளர்ந்த பெண். 26 வயது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை. என்னை அத்தை என்று கூப்பிடுவாள். பருவம் வந்த நாளிலிருந்து அவளுக்கு மார்பு இரண்டும் ஒரே அளவாக வளரவில்லை. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம்; உடம்பைப் பற்றிப் பேசாமல் உடம்பின் சரித்திரத்தை எழுத முடியாது. இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல இருக்கும் பெண் உலகத்தில் அபூர்வம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இவளுக்கு இருந்த வித்தியாசம் அந்தச் சாதாரண வித்தியாசம் அல்ல. உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துப் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறாள். தாயாருக்கு மட்டும் தெரியும். சம்பளத்தில் சீட்டுக் கட்டி, போதாததற்குக் கடனும் வாங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்து கொண்டாள். சிறிய பக்கத்தில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்தார்கள். பெரிய பக்கத்தைக் குறைத்துத் தைத்தார்கள்.

ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது 22-ஆம் நாள். அந்த வெயிலிலும் கனத்த சால்வை போர்த்தியிருந்தாள்.

"அத்தை, நீங்க பூசி மெழுகாமச் சொல்லுவீங்கன்னுதான் கேக்கறேன். பை வெச்ச பக்கம் கழுத்துக்கு ஏறி நிக்குது. தெச்ச பக்கம் வீங்கிக் கெடக்குது. முன்னாடி சின்னதும் பெரிசுமா இருந்திச்சு. இப்ப மேலயும் கீழயுமா இருக்கு. இது இப்படியேதான் இருக்குமா?"

"அழகு மனசில இருக்குதும்மா, வெளியில தெரியறதிலயா இருக்கு?" என்றேன். என் கதாநாயகிகளின் வாயில் எத்தனையோ தடவை போட்ட வசனம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள். எண்ணூர் போயிற்று, திருவொற்றியூர் போயிற்று, திரும்பவில்லை. அவள் அழகைப் பற்றிக் கேட்கவே இல்லை, காலத்தைப் பற்றிக் கேட்டாள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சரி, மார்பை அழகுபடுத்தும் ரண சிகிச்சை எங்கே தொடங்குகிறது? ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எழுத்தில் காணும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ஆண்களைப் பற்றியது. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பால் என்ற கிரேக்க வைத்தியர், ஈஜினா தீவுக்காரர், சில ஆண்களுக்குப் பெண்களைப் போல மார்பு வளர்ந்துவிடுவதையும் அதை அறுத்துச் சரிசெய்யும் முறையையும் எழுதி வைத்திருக்கிறார். வெட்கத்துக்கு மருந்து தேடி முதலில் கத்தியின் முன்னால் படுத்தவர்கள் ஆண்பிள்ளைகளாகவும் இருந்திருக்கிறார்கள்.

பெண்ணுக்கு மார்பை நிரப்பிய முதல் சிகிச்சை என்று சரித்திரக்காரர்கள் குறிப்பது ஜெர்மனியில் நடந்தது. ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியர் வின்சென்ஸ் செர்னி 1895-இல் அதைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்தவள் ஒரு பாடகி. ஒரு மார்பில் ஆபத்தில்லாத கட்டி. கட்டியை எடுத்தால் அந்தப் பக்கம் குழிந்து போகும். மேடை ஏறிப் பிழைக்கிற பெண் ஒரு பக்கம் குறைந்து எப்படி நிற்பாள்? அவளுடைய முதுகின் கீழ்ப்புறத்தில் கொழுப்புக் கட்டி ஒன்று இருந்ததைச் செர்னி கவனித்தார். அதை எடுத்து மார்பின் குழியில் வைத்துத் தைத்துவிட்டார். இரண்டு கட்டிகளால் ஒரு குறை தீர்ந்தது. ஆக, இந்தச் சிகிச்சை எடுத்த எடுப்பிலேயே பேராசைக்காகப் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறுமாறு ஆகிவிடக்கூடாதே என்ற கவலைதான் இதற்குத் தாய்.

அதற்குப் பின்னால் வந்த சரித்திரம் அவ்வளவு கௌரவமானது அல்ல. 1899-இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற டாக்டர், நோயினால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு வாஸ்லினை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். பலன் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், மெழுகு ஊசி ஐரோப்பாவெல்லாம் பரவிற்று. மூக்குக்கு மெழுகு, கன்னத்துக்கு மெழுகு, மார்புக்கு மெழுகு. வீக்கமில்லை, காத்திருப்பில்லை, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள் மாலையில் புது உருவத்தோடு வெளியே வரலாம். மெழுகு சும்மா இருக்குமா? வருஷங்கள் போகப் போக உருகி வேறு இடத்துக்கு நகர்ந்தது. கல் போல உருண்டது. தோலைப் பிய்த்துக் கொண்டு புண்ணாயிற்று. ரத்தக் குழாயில் புகுந்து சிலரைக் கொன்றும்விட்டது. பிற்காலத்தில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி, மூக்கு கிரேக்கச் சிலை போல நேராக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு மெழுகு ஏற்றிக் கொண்டாள். அது மூக்கை விட்டு இறங்கி முகத்தையே கெடுத்துவிட்டது. அவளுக்குப் பணத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் குறைவு என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அந்த உரிமை இல்லை. எந்தப் பெண்ணும் கண்ணாடி முன்னால் தனியாகத்தான் நிற்கிறாள்.

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் மெழுகுக்குப் பதிலாகத் திரவச் சிலிக்கோனை ஏற்றினார்கள், அதே கதைதான். சிலிக்கோன் என்பது ஆலைச் சரக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆகாய விமான எஞ்சின்களின் மின்பொறியை ஈரம் தாக்காமல் காக்கப் பயன்பட்ட பொருள். அதைப் பையில் அடைத்து வைக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் பிராங்க் ஜெரோவுக்கு உதித்தது. ரத்தம் நிரம்பிய பிளாஸ்டிக் பையை அழுத்திப் பார்த்தபோது உதித்ததாம். அவரும் தாமஸ் குரோனினும் முதலில் எஸ்மரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். 1962-இல் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்மணிக்கு வைத்தார்கள். அந்த அம்மாள் ஆறு குழந்தைகளுக்குத் தாய். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்ததே மார்பில் குத்திக் கொண்டிருந்த பச்சையை அழிக்க. "உங்களுக்கு ஏதாவது ஆசை உண்டா?" என்று பேச்சு வந்தபோது, தன் காதுகள் விடைத்துக் கொண்டிருப்பதைச் சரி செய்தால் தேவலை என்றாளாம். காதையும் சரி செய்து கொடுத்தார்கள்.

பைகளின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சந்தேகங்கள் கிளம்பி 1992-இல் அமெரிக்க அரசாங்கம் சிலிக்கோன் பைகளைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. 2006-இல் மறுபடி அனுமதித்தது. 2010-இல் பிரான்சில் ஒரு கம்பெனி, வைத்தியத்துக்கான சிலிக்கோனுக்குப் பதிலாக ஆலைகளுக்கான மலிவுச் சரக்கை அடைத்து விற்றது வெளியாயிற்று. அதன் முதலாளி 2013-இல் சிறைத் தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேலுறை கொண்ட ஒரு வகைப் பை அபூர்வமான ஒரு புற்றுநோயோடு சம்பந்தப்பட்டிருப்பதால் 2019-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பை வைத்துக் கொண்டவர்கள் ஆயுள் முழுதும் அவ்வப்போது பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

இதைவிட என் மனசுக்குப் பிடித்தது குறைக்கும் சிகிச்சையின் கதை. 1956-இல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு முறையை வெளியிட்டார். மார்பைக் குறைக்கும்போது தோலை எப்படி வெட்டினால் உருண்டை வடிவம் வரும் என்பது அதுவரை கைத்திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்த காரியமாக இருந்தது. வைஸ் உள்ளாடையின் துணி வெட்டும் அச்சைப் பார்த்துத் தன் அளவுகளை வகுத்துக் கொண்டார். ரவிக்கைக்குக் காகிதத்தில் அச்சு வெட்டி வைத்துக் கொள்கிற நம் ஊர்த் தையற்காரருக்கு இந்தச் சூட்சுமம் உடனே புரியும். உலகெங்கும் இன்றைக்கும் அந்த அச்சின் பெயர் வைஸின் பெயர்தான். ஆனால் தையற்காரருக்கு ஒரு சௌகரியம். துணி மறுநாள் வீங்காது.

வீக்கத்துக்கு வருகிறேன். எனக்குப் பழக்கமான ரண சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பிடித்து அந்தப் பெண்ணின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தினம் கேட்கிற கேள்விதான்" என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் படம் போட்டார்.

நெஞ்சுத் தசைக்கு அடியில் பையைச் செருகினால் தசை அதை அந்நியனாக நினைத்து இறுக்கிப் பிடித்து மேலே தள்ளுகிறது. ஆகவே முதல் வாரங்களில் பை உயரத்தில் நிற்கும். தசை தளரத் தளர, மாதக் கணக்கில் மெல்ல இறங்கும். இரண்டு பக்கமும் பை வைத்தவர்களுக்கே இரண்டும் ஒரே நாளில் இறங்குவதில்லை. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு அந்தக் கை அதிகம் அசைவதால் அந்தப் பக்கத்து வீக்கம் சற்று நின்று வடிவதும் உண்டு. அப்படியிருக்க ஒரு பக்கம் பை, மறு பக்கம் குறைப்பு என்று இரண்டு விதமாகக் கை வைத்தால், ஆறுவதும் இரண்டு விதமாகத்தான் ஆறும். குறைத்துத் தைத்த பக்கம் முதலில் பெட்டி போலச் சதுரமாக, விறைப்பாக இருக்கும். பிறகு கீழ்ப்பாகம் தளர்ந்து உருண்டை வரும். நரம்புகள் பிழைத்து எழும்போது ஊசி குத்தும், மின்சாரம் பாய்வது போலச் சுளீரென்னும். தழும்பு சில மாதங்கள் சிவந்து தடிக்கும். வெளுக்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். மூன்று மாதத்துக்கு முன்னால் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது, ஆறு மாதம் ஆனால் நல்லது என்றார். அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் தராசுத் தட்டு மாதிரி நிற்கும் என்று நினைக்க வேண்டாம் என்றும் சேர்த்துக் கொண்டார்.

"ஆனால் ஒன்று," என்றார். "ஒரே பக்கம் திடீரென்று பெருத்தால், சிவந்து சுட்டால், ஜுரம் வந்தால், வலி சட்டென்று ஏறினால், பொறுத்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் உட்காரக் கூடாது. அது ஆறுகிற வீக்கம் இல்லை. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், சீழ் வைத்திருக்கும். அன்றைக்கே ஓடி வர வேண்டும்."

இந்த இரண்டையும் அவளுக்கு முன்கூட்டியே எந்தக் காகிதத்திலாவது எழுதிக் கொடுத்திருப்பார்களா என்று யோசித்தேன். அவளிடம் காட்டியதெல்லாம் யாரோ ஒருத்தியின் இரண்டு படங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சரித்திரமே இப்படித்தான் இரண்டு படங்களாக இருக்கிறது. மைசூர் யுத்தத்தில் திப்பு சுல்தானின் ஆட்கள் மூக்கை அறுத்துவிட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரனைச் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராட்டியன். ஒரு வருஷ காலம் மூக்கில்லாமல் இருந்தான். புனாவுக்கு அருகில் செங்கல் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவனுக்கு மூக்கு வைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவன் படம் வந்தது; மேல்நாட்டு டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் இந்த வித்தையைக் கற்றார்கள். ஆனால் அந்தப் படம் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்து எழுதிய சித்திரம். மூன்றாவது வாரத்தில் கவாஸ்ஜியின் மூக்கு எப்படி இருந்தது என்று அதில் தெரியாது.

நடுவில் உள்ள நாட்களுக்கு மரியாதை கொடுத்த இடம் ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917-இல் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் ஆஸ்பத்திரி ஒன்று திறந்தார்கள். ஹெரால்டு கில்லீஸ் என்ற நியூசிலாந்துக்காரர் அங்கே தலைமை டாக்டர். ஜட்லண்டுக் கடற்போரில் முகம் வெந்து போன விக்கரேஜ் என்ற மாலுமிக்கு, மார்புத் தோலை முழுதும் அறுத்தெடுக்காமல், குழாய் போலச் சுருட்டித் தைத்து முகத்துக்குக் கொண்டு போனார். குழாயின் ஒரு முனை பழைய இடத்திலேயே இருந்து ரத்தம் கொடுக்கும். மறு முனை புது இடத்தில் வேர் பிடிக்கும். பிடிக்கும் வரையில் நோயாளி யானைத் துதிக்கை போலச் சதைக் குழாயோடு நடமாட வேண்டும். வந்தபோது இருந்ததைவிட நடுவில் பார்க்க மோசமாக இருந்தவர்கள் பலர். ஆகவே வார்டுகளில் கண்ணாடி வைக்கக் கூடாது என்று தடை இருந்தது. ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம் என்று ஊர்க்காரர்களுக்கு அது ஜாடை. அதற்குச் சற்று முன்பே ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில் ஹென்றி டாங்க்ஸ் என்ற ஓவியர் இந்த முகங்களை வர்ணத்தில் தீட்டினார். அவரும் ஒரு காலத்தில் டாக்டர். தைத்ததும் தைக்காததுமான முகங்களை அப்படியே தீட்டியிருக்கிறார்.

சிப்பாய்க்குச் செய்தது கடமை, பெண்ணுக்குச் செய்தால் ஆடம்பரமா? இந்த வாதம் நம் ஊரிலேயே நடந்தது. எங்கள் ரயில் பாதையில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஜனங்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ஆம் வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. 1938-இல் மருத்துவக் கல்லூரியாயிற்று. 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தார். வடசென்னையிலும் எண்ணூரிலும் எந்திரத்தில் நசுங்கிய கைகள் அங்கேதான் போகும். 2018 பிப்ரவரியில் அதே ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பக அழகுச் சிகிச்சையும் செய்யும் பிரிவைத் தமிழக அரசு திறந்தது. ஏழைக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கூடாது என்று அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கும் வேலை எவ்வளவோ கிடக்க இது எதற்கு என்று பொது சுகாதாரம் தெரிந்தவர்கள் கண்டித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போயிற்று.

கண்டித்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் கண்டித்தார்கள். ஆனால் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் கண்டதை நினைத்துப் பார்க்கிறேன். 1940-களின் கடைசியிலிருந்து குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திக் கொடுத்தார் அவர். கை சரியான பின்னும் அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. உதிர்ந்த புருவமும் அமுங்கிய மூக்கும் நோயைக் காட்டிக் கொடுத்தன. ஆகவே தலைத்தோலிலிருந்து புருவம் வைத்தார், மூக்கை எழுப்பினார். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டி கட்டும் பெல்டின் முன்னால் எட்டு மணி நேரம் தோளைக் குறுக்கிக் கொண்டு நின்றவளைப் பற்றியும் வரவில்லை.

இத்தனையும் சேகரித்துக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பீரோக் கண்ணாடியின் மேல் அவள் அம்மா பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடியிருந்தாள். சிட்கப்பைப் பற்றி அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்! முதலில் மன்னிப்புக் கேட்டுக் கொண்டேன். பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், ஜுரத்தையும் சிவப்பையும் பற்றி இரண்டு தடவை சொன்னேன். செர்னியின் பாடகி கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அந்தப் பாட்டுக்காரம்மாவுக்கு 22-ஆம் நாள் எப்படி இருந்திச்சாம் அத்தை?"

நான் படித்த சரித்திரங்களில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

ஆவணியில் ஒரு நாள் அதே ரயிலில் பார்த்தேன். சால்வை இல்லை. பகல் ஷிப்டு முடிந்து வருகிறாள். கைபேசியை எடுத்து விரலால் ஏதோ தள்ளினாள். எனக்குக் காட்டவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை.

"ரயில்ல உங்ககிட்ட கேட்டேனே, அன்னியிலேருந்து வாரத்துக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். 17 படம் இருக்கு."

"இப்போ எப்படி இருக்கு?"

"பை வெச்ச பக்கம் இன்னும் நூலளவு மேலதான் நிக்குது. டாக்டரம்மா இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாங்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டாள். "எங்க லைன்ல ஒரு பொண்ணு அடுத்த மாசம் போறா, அத்தை. அவளுக்கு இந்தப் படத்தையெல்லாம் காட்டட்டுமான்னு யோசிக்கறேன். வெக்கமாவும் இருக்கு."

பொன்னேரி வந்துவிட்டது. நான் இறங்கினேன்.